நோட்டுப் புத்தகத்தோடு வந்த கான்ஸ்டபிள்: அயர்லாந்துக் கிராமங்களில் பெண்கள் கூட்டமும் போலீஸ் கண்காணிப்பும்

1887 செப்டம்பர் 9. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் மிட்செல்ஸ்டவுன் என்ற சிற்றூர். சந்தைத் திடலில் குத்தகை விவசாயிகளின் பொதுக்கூட்டம், ஆயிரக்கணக்கில் ஜனம். ஒரு சுருக்கெழுத்தரைக் கையோடு அழைத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்தைப் பிளந்து மேடைப் பக்கம் போகப் பார்த்தார்கள். கூட்டம் வழிவிடவில்லை. தள்ளுமுள்ளு கைகலப்பானது, கம்புகள் சுழன்றன. அடிபட்டுப் பின்வாங்கிய போலீஸ், தன் கட்டடத்துக்குள் புகுந்துகொண்டு அங்கிருந்து சுட்டது. மூன்று பேர் செத்தார்கள்.

இவ்வளவும் ஓர் ஆள் உட்கார்ந்து எழுத இடம் பிடிப்பதற்காக நடந்தது.

கண்காணிப்பு என்றதும் நமக்கு மாறுவேடம், சுவருக்குப் பின்னால் நிற்கும் காது, காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் ஆள் என்றுதான் தோன்றும். அயர்லாந்தில் அதுவும் இருந்தது. ஆனால் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்நாட்டுக் கிராமங்களில் நடந்த கண்காணிப்பில் பெரும்பகுதி பட்டப்பகலில், சீருடையில், எல்லோரும் பார்க்கவே நடந்தது. பேசுகிறவருக்கு முன்னால் நின்று அவர் சொல்வதை வார்த்தை பிசகாமல் எழுதுவதுதான் அதன் முறை. எழுதியது நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியாகும். இன்றைக்கே பேசுகிறவரின் நாக்கைக் கொஞ்சம் கட்டிப்போடும். இரண்டாவது பயன்தான் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒளிந்து கேட்பவன் தகவலை மட்டும் கொண்டுபோவான். எதிரே நின்று எழுதுகிறவன் பயத்தையும் விட்டுவிட்டுப் போவான்.

மிட்செல்ஸ்டவுனுக்கு ஆறு வருடம் முன்பு இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விசித்திரமான சோதனை வந்தது. மேடை ஏறியவர்கள் பெண்கள்.

யார் இந்தப் போலீஸ்?

ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி, சுருக்கமாக ஆர்.ஐ.சி. 1836-ல் ஒரே படையாக்கப்பட்டது. 1867-ல், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஃபீனியன் கிளர்ச்சியை அடக்கியதற்குப் பரிசாக ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. தலைநகர் டப்ளினுக்குத் தனிப் போலீஸ் உண்டு, அவர்கள் ஆயுதம் தரிக்காதவர்கள். மற்ற நாடு முழுவதும் ஆர்.ஐ.சி.யின் கையில். கரும்பச்சைச் சீருடை, தோளில் துப்பாக்கி. இங்கிலாந்தின் கிராமத்துப் போலீஸ்காரர் லத்தியோடு திரிந்த காலத்தில், அயர்லாந்துக் கிராமத்தில் நின்றது ஏறக்குறைய ஒரு சிப்பாய்.

இந்தப் படை பெரிய ஊர்களில் குவிந்து கிடக்கவில்லை. ஒரு சார்ஜென்ட், நான்கைந்து கான்ஸ்டபிள்கள் என்று நாடெங்கும் சின்னச் சின்ன பாரக்ஸ்களில், அதாவது போலீஸ் தங்கும் கட்டடங்களில், தூவி வைத்திருந்தார்கள். சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. மனைவியின் மாவட்டத்திலும் கிடையாது. அதே சமயம் கான்ஸ்டபிள்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைகள். எதிரே கூடியிருப்பவர்களைப் போலவே பேசுவார்கள், அதே தேவாலயத்துக்குப் போவார்கள், ஆனால் அந்த ஊரில் சொந்தபந்தம் மட்டும் இருக்காது. நெருக்கத்தையும் தூரத்தையும் இப்படி அளந்து கலந்த நிர்வாக மூளையை மெச்சத்தான் வேண்டும்.

குற்றம் பிடிப்பதோடு அவர்கள் வேலை முடியவில்லை. விவசாயப் புள்ளிவிவரம் எடுப்பது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் அவர்கள் தலையில். யார் நிலத்தில் என்ன பயிர், யார் வீட்டில் எத்தனை மாடு, எத்தனை பேர் என்று அரசாங்கத்தின் பெயரால் கதவைத் தட்டிக் கேட்டு எழுதியவர்தான், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலும் நோட்டோடு நிற்பார். கூட்டத்தில் எந்த முகம் எந்த வீட்டுடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எழுதியது மேலே போகும் வழி இது: கான்ஸ்டபிள், சார்ஜென்ட், சப்-இன்ஸ்பெக்டர், மாவட்ட அதிகாரியான கவுன்ட்டி இன்ஸ்பெக்டர், அப்புறம் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம். அங்கிருந்து அயர்லாந்தை ஆளும் தலைமைச் செயலரின் மேசை. சுவரொட்டி ஒட்டினால் கிழித்து அனுப்பினார்கள். மேலிடத்து வாரன்ட் இருந்தால் தபாலைப் பிரித்துப் படித்தார்கள். 1880-களின் பிற்பகுதியில் இன்னொன்றும் வழக்கமானது: சந்தேகப் பட்டியலில் இருப்பவர் எங்கே போனாலும் ஒரு கான்ஸ்டபிள் சில அடி பின்னால் நடப்பார். அவர் யாரோடாவது நின்று பேசினால் இவரும் பக்கத்தில் போய் நிற்பார். ஒளிவு மறைவே கிடையாது.

(இந்த ஏற்பாடு நமக்கு அந்நியம் இல்லை. 1843-ல் சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் அங்கே போலீஸ் அமைத்தபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த ஐரிஷ் படையைத்தான். அந்த வார்ப்பின் சாயல் பிறகு இந்தியப் போலீஸ் அமைப்பிலும் படிந்தது.)

பெண்கள் எப்படி மேடைக்கு வந்தார்கள்?

அயர்லாந்தில் நிலம் சில நூறு பெரும் நிலக்கிழார்களின் கையில் குவிந்திருந்தது. உழுதவர் குத்தகைதாரர், அதிலும் பலருக்கு எழுத்து மூலம் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் லட்சக்கணக்கானோரை விழுங்கியது பழங்கதை ஆகவில்லை. 1879-ல் மறுபடி விளைச்சல் பொய்த்தது. குத்தகை கட்ட முடியாதவர்களை வீட்டைவிட்டே துரத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் லேண்ட் லீக் என்ற குத்தகைதாரர் சங்கம் தொடங்கியது. தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், மூளை மைக்கேல் டேவிட். 1880-ல் மேயோ மாவட்டத்தில் கேப்டன் பாய்காட் என்ற எஸ்டேட் மேலாளரை ஊரே ஒதுக்கிவைத்தது. நாம் பகிஷ்காரம் என்று சொல்வதற்கு ஆங்கிலச் சொல் பிறந்தது அந்த மனிதரின் பெயரிலிருந்து.

அரசாங்கம் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டத்தைத் தயாரித்தது. தலைவர்கள் எல்லோரும் உள்ளே போனால் வெளியே யார் இயக்கத்தை நடத்துவது? பெண்கள் நடத்தட்டும் என்றார் டேவிட். பார்னெல் உட்பட மற்ற தலைவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஊர் சிரிக்கும் என்று பயந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். 1881 ஜனவரி 31-ல் மகளிர் லேண்ட் லீக் டப்ளினில் உருவானது. நடத்தியவர் பார்னெலின் சொந்தத் தங்கை அன்னா பார்னெல். இன்னொரு தங்கை ஃபேனி சில மாதங்களுக்கு முன்பே நியூயார்க்கில் இதே பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி நிதி திரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றே நாளில் டேவிட் கைதானார். மார்ச்சில் சட்டம் வந்தது. அதே மாதம் டப்ளின் பேராயர் மக்கேப், பெண்கள் பொதுவாழ்வின் சந்தடியில் இறங்குவது அடக்கத்துக்கு இழுக்கு என்று கண்டித்துச் சுற்றறிக்கை விட்டார். கேஷல் பேராயர் குரோக் பெண்கள் பக்கம் நின்றார். அக்டோபர் 13-ல் பார்னெலும் கில்மேனம் சிறைக்குப் போனார். ஒரு வாரத்துக்குள் லேண்ட் லீக் தடை செய்யப்பட்டது. மொத்தப் பாரமும் பெண்கள் தோளில்.

அவர்கள் கையில் ஓட்டு கிடையாது. கல்யாணமான பெண்ணின் சொத்தே அப்போது பெரும்பாலும் கணவன் வசம்.

நோட்டுக்கு அகப்படாதது

கான்ஸ்டபிள் வழக்கம்போல நோட்டோடு வந்தார். அன்னா பார்னெல் திறந்த வெளியில், ஆண்களும் நிறைந்த கூட்டங்களில் பேசினார். அதை எழுத முடிந்தது. அதற்கு மேல் போனபோதுதான் சிக்கல்.

முதல் சிக்கல், விசாரணையின்றி அடைக்கும் அந்தச் சட்டத்தையே பெண்கள் மேல் பாய்ச்ச அரசு தயங்கியது. ஆண் தலைவர்களை அடைத்ததற்கே லண்டன் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லி மாளவில்லை. கண்ணியமான குடும்பத்துப் பெண்களை விசாரணையின்றி உள்ளே தள்ளினால் பத்திரிகைகள் என்ன எழுதும் என்ற யோசனை. ஆக, கான்ஸ்டபிள் எழுதிக் கொடுக்கலாம், எழுதியதை வைத்து என்ன செய்வதென்று மேலே இருப்பவருக்கே தெரியாது.

இரண்டாவது, ஆர்.ஐ.சி.யில் பெண் போலீஸே கிடையாது. சந்தைத் திடலில் ஆண்களோடு ஆணாக நிற்கலாம். பத்துப் பதினைந்து பெண்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசினால் கலந்து நிற்க ஆள் இல்லை. துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தால் அது செய்தியாகிவிடும், நுழையாவிட்டால் அறிக்கை வெறுமையாகிவிடும்.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. சுருக்கெழுத்து பேச்சைப் பிடிக்கும் கருவி. ஆண்களின் லேண்ட் லீக் பெரும்பாலும் பேச்சால் நடந்தது: மேடை, முழக்கம், தீர்மானம், கைதட்டல். மகளிர் லீக்கின் பலம் பேச்சில் இல்லை, அலுவலக வேலையில் இருந்தது. டப்ளின் தலைமையகத்தில் இளம் பெண்கள் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள், பண உதவியைக் கணக்குப் போட்டு அனுப்பினார்கள். துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு மரக் குடிசை போட ஏற்பாடு செய்தார்கள். சிறையில் இருந்த நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு வெளியிலிருந்து சாப்பாடு போகும், அந்தச் செலவும் இவர்கள் பொறுப்பு. ‘யுனைட்டெட் அயர்லாந்து’ என்ற இயக்கப் பத்திரிகையை அரசு முடக்கியபோது, வேறு இடங்களில் அச்சடித்துப் பதுக்கிக் கொண்டுவந்து விநியோகித்ததிலும் இவர்கள் கை இருந்தது. வெளியேற்றம் நடக்கும் இடத்துக்கே ஆள் போகும். வாசலில் சாமான் வீசப்படும்போது பக்கத்தில் ஒரு பெண் நின்று என்ன நடக்கிறது, யார் செய்கிறார்கள், குடும்பத்தில் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்வார். 1881-ல் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. குறிப்பதற்கு நிறைய இருந்தது.

இந்தக் குறிப்புகள் ஒரு பேரேட்டில் ஏறின. எஸ்டேட் வாரியாக, குத்தகைதாரர் எத்தனை பேர், குத்தகை எவ்வளவு, அரசின் நில மதிப்பீட்டுப்படி எவ்வளவு இருக்க வேண்டும், நிலக்கிழார் எப்படிப்பட்டவர், யாரை எப்போது துரத்தினார். கிளைகளிலிருந்து வரும் தகவலை வைத்து அதைத் தொடர்ந்து புதுப்பித்தார்கள். அலுவலகத்துப் பெண்கள் அதற்குக் கேலியாக ‘கெல்ஸ் புத்தகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கெல்ஸ் புத்தகம் என்பது சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய, சித்திர வேலைப்பாடு மிகுந்த பைபிள் சுவடி, அயர்லாந்தின் தேசியப் பொக்கிஷம். அந்தப் புனிதப் பெயரைக் கணக்குப் புத்தகத்துக்கு வைத்த குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

கொஞ்சம் விலகி நின்று பாருங்கள். கிராமம் கிராமமாக ஆள் வைத்து, பெயர், எண்ணிக்கை, நடத்தை எல்லாம் குறித்து, டப்ளினில் ஒரே இடத்தில் தொகுப்பது யாருடைய முறை? போலீஸின் முறை. பெண்கள் அதை அப்படியே திருப்பி நிலக்கிழார்கள் மேல் வைத்தார்கள்.

தடையும் பழைய சட்டமும்

1881 டிசம்பரில் ஆர்.ஐ.சி.யின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் கர்னல் ஹில்லியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். லேண்ட் லீக் மீதான தடை மகளிர் லீக்குக்கும் பொருந்தும், பெண்கள் கூட்டங்களைக் கலைக்கலாம் என்பது சாரம். அதுவரை நின்று எழுதியவர் இனி கலைக்கவும் வேண்டும்.

பெண்கள் கொடுத்த பதில் எளிமையானது. 1882 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் எல்லாக் கிளைகளும் ஒரே நாளில் கூட்டம் போடும் என்று அறிவித்துக் கூடினார்கள். ஐந்து பேர் இருக்கும் பாரக்ஸ் ஒரு கூட்டத்தைக் கண்காணிக்கும், சுற்றுவட்டாரத்தில் பல இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் எத்தனைக்குப் போகும்? கண்காணிப்புக்கு ஆள்பலம் ஓர் எல்லை. அதைத் தொட்டுக் காட்டிவிட்டார்கள்.

கைதும் தொடங்கியது. புதிய சட்டத்தைப் பெண்கள் மேல் போடாமல் அரசு எடுத்த ஆயுதம் 1361-ம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்தியது. ஐநூறு வருடம் தாண்டிய அந்தச் சட்டத்தின்படி, நற்பெயர் இல்லாதவர்களிடம் நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கலாம். கொடுக்காவிட்டால் சிறை. குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. இவர் இப்படிப்பட்டவர் என்று போலீஸ் சொல்வதே போதும். நம் ஊரில் ‘110 போட்டுட்டாங்க’ என்று சொல்வார்களே, 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்த நன்னடத்தை ஜாமீன் பிரிவும் (110-ம் பிரிவு) இதே பரம்பரைதான்.

நாடோடிகளையும் பாலியல் தொழில் செய்தவர்களையும் பிடிக்கப் பயன்பட்ட சட்டத்தை அரசியல் பேசிய பெண்கள் மேல் போட்டதில் இருந்த அவமானம் யாருக்கும் புரியாமல் இல்லை. ஜாமீன் கொடுத்தால் ‘ஆமாம், என் நடத்தை சரியில்லைதான்’ என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. மறுத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். முதலில் போனவர் ஹன்னா ரெனால்ட்ஸ். குத்தகை கட்டாதே என்று ஒரு விவசாயியைத் தூண்டியதாகச் சொல்லி, 1881 டிசம்பரில் கார்க் சிறையில் ஒரு மாதம். பின்னால் வந்தவர்களில் சிலருக்கு ஆறு மாதம் வரை. இங்கே ஒரு கோணல் கணக்கு உண்டு. விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்ட ஆண்கள் ‘சந்தேகத்துக்கு உரியவர்கள்’ என்ற வகை. சொந்த உடை, வெளிச் சாப்பாடு, ஒருவரோடொருவர் பேசச் சலுகை. நன்னடத்தைச் சட்டத்தில் போன பெண்கள் சாதாரணக் கைதிகள். அந்தச் சலுகை எதுவும் கிடையாது.

லிமெரிக், கிளேர் பகுதிகளில் கிளிஃபர்ட் லாயிட் என்ற மாஜிஸ்திரேட் இதில் தனித் தீவிரம் காட்டினார். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் குடிசை போடப் போன பெண்களும் அவர் கையில் தப்பவில்லை. கூரை போடுவது மிரட்டலாகிவிட்டது. குடிசை என்பது துரத்தப்பட்ட குடும்பம் ஊரைவிட்டுப் போகாமல் தன் பழைய நிலத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் இடம். அந்த நிலத்தை வேறொருவன் எடுக்க வந்தால் அவனுக்கு அது உறுத்தும். இந்த விஷயத்தில் லாயிட் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார்.

கண்காணிப்பு ஒருவழிப் பாதையும் அல்ல. போலீஸ் கிராமத்தைப் பார்த்தது, கிராமமும் போலீஸைப் பார்த்தது. வெளியேற்றத்துக்குத் துணைபோன பாரக்ஸுக்குச் சாமான் விற்கக் கடைக்காரர்கள் மறுத்த ஊர்கள் உண்டு. கான்ஸ்டபிளுக்கும் பால், ரொட்டி, விறகு வேண்டுமே. அன்றாடக் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த சமூகத்தில், இந்த மறுப்பில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் இன்று நாம் தெரிந்துகொள்வதில் பெரும்பங்கு அந்தப் போலீஸ் காகிதங்களிலிருந்து வருகிறது. டப்ளினிலும் லண்டனிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் அவை இருக்கின்றன. படிப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கான்ஸ்டபிள் தான் கண்டதையெல்லாம் எழுதுவதில்லை, மேலதிகாரி கேட்பதை எழுதுவார். எத்தனை பேர் வந்தார்கள், யார் பேசினார்கள், பாதிரியார் இருந்தாரா, மிரட்டல் இருந்ததா. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பெண் அந்த வாரம் என்ன வேலை செய்தாள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

முடிவு வெளியிலிருந்து வரவில்லை. 1882 மே மாதம் பார்னெல் அரசாங்கத்தோடு சமரசம் செய்துகொண்டு சிறையிலிருந்து வந்தார். பெண்கள் நடத்திய இயக்கம் அவர் விரும்பியதைவிட வெகுதூரம் போயிருந்தது. லீக்கின் கடனை அடைக்க வேண்டுமானால் கலைத்துவிடுங்கள் என்று நிபந்தனை வைத்தார். ஜூலையில் ஃபேனி அமெரிக்காவில் இறந்தார். ஆகஸ்டில் மகளிர் லேண்ட் லீக் கலைந்தது. போலீஸ் எட்டு மாதம் முயன்றும் மூட முடியாத அலுவலகத்தை அண்ணன் மூடினார். அன்னா அவரோடு அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அன்னா அந்த இயக்கத்தைப் பற்றித் தானே ஒரு வரலாறு எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது வெளிவரவில்லை, 1986-ல்தான் அச்சேறியது. அவர் இங்கிலாந்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். 1911 செப்டம்பரில், டெவன் கடற்கரையில் இல்ஃபிராகூம் என்ற ஊரில் கடலில் குளிக்கப் போனபோது மூழ்கி இறந்தார். அப்போது அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் செரிசா பால்மர்.